தாயன்பு தானாகச் சுரக்குமா?

குறைமாதத்திற் பிறந்த பிள்ளையை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு ஒரு தாய் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டால், உங்கள் வாயில் முதலில் வரும் சொல் எது? “இவளும் ஒரு தாயா?” என்பதுதானே! அதைச் சொல்லுமுன், தென் அமெரிக்காவிலே கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோற்றாவில் நடந்ததைச் சற்றுக் கவனியுங்கள்.

அங்கே ஏழைப் பெண்கள் நாடிவரும் பெரிய பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றிருந்தது. 1970களில் இன்குபேற்றர்கள் போதாமையால் ஒன்றினுள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கிடத்தினார்கள். ஒன்றின் நோய் மற்றதைத் தொற்றியது. பல இறந்தன. பிழைத்தவற்றிலும் சிலவற்றைக் கூட்டிப்போக எவரும் வரவில்லை.

1978இல் எட்கார் ரேய் சனாப்றியா என்ற குழந்தை வைத்தியர், கங்காரு தன் குட்டியைச் சுமப்பதுபோல, பிள்ளையின் மேனி தாயின் மேனியிற் படும்படி மார்புகளின் நடுவே நிமிர்த்திக் கட்டுவித்தார். தாய்ப்பால் கொடுக்கச் செய்தார். பிள்ளை பால் குடித்து நிலைப்பட்டதும், நிறை இவ்வளவு வரவேண்டும் என்று காத்திராமல், தாயின் நெஞ்சோடு வீட்டுக்கு அனுப்பி, ஒழுங்காகத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிப் பார்வையிட்டார். இறப்பு மட்டுமன்றி, கைவிடப்படும் பிள்ளைகளின் தொகையும் குறைந்தது.

அதே ஊர், அதே வறுமை. அந்தத் தாய்மாரின் நெஞ்சு திடீரென நல்லதாகிவிட்டதா?

தாயன்பு பால்போலத் தானாகச் சுரக்கும் என்கிறோம். பால்கூடப் பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தானே சுரக்கிறது! கண்ணாடிக்கு அப்பால் நின்று வாரக்கணக்காகப் பார்த்துவிட்டுப் போகும் தாய், மெல்ல மெல்ல ஒரு விருந்தாளி ஆகிவிடுகிறாள். இதைப் பரிஸ் வைத்தியர் பியர் புடின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டிருந்தார். பிறகு ஒருநாள் “பிள்ளை தேறிவிட்டது, கொண்டுபோ” என்றால், அவளுக்குப் பயம் வராமல் வேறென்ன வரும்?

தாய்க்குப் பொறுப்பே இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளையைத் தொடவிடாமல் வைத்திருந்தவர்களுக்கும், “குறைப்பிள்ளை” என்று முணுமுணுத்த சுற்றத்துக்கும் அதிற் பங்குண்டு. பழி மட்டும் அவள் தலையில்! இது நீதியா?

வீட்டுக்குப் போகும் ஆயத்தம், ஆகவே, பிறந்த அன்றே தொடங்கவேண்டும். உலக சுகாதார நிறுவனமும் 2022இல், இத்தகைய பிள்ளைகளைப் பிறந்ததும் இயன்றளவு விரைவாக நெஞ்சோடு அணைத்து, நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வைத்திருக்கும்படி கூறியது.

இருபத்துநாலு மணி நேரம்! சொல்வது சுகம். இரவிலே தாய் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே உறங்கவேண்டும். அவ்வேளை அடுப்பு யார் பொறுப்பு? மூத்த பிள்ளைகள் யார் பொறுப்பு? இதையெல்லாம் எந்த வைத்தியரும் துண்டில் எழுதித் தரமாட்டார்.

இன்னொன்று. இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளையை, நாலாம் மாதத்தில் இரண்டு மாதப் பிள்ளையாகவே கணக்கிடவேண்டும். அடுத்த வீட்டுப் பிள்ளை தலை நிமிர்த்திவிட்டதே என்று அவள் காதுபடப் பேசாதிருங்கள்.

தகப்பனின் நெஞ்சிலும் சூடு உண்டு. அம்மம்மாவின் நெஞ்சிலும் உண்டு. பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அவர்களும் போய்க் கைகழுவி, கட்டிச் சுமக்கப் பழகட்டும். தாய் குளிக்கப் போகும் நேரம் பிள்ளை யாரிடம் இருக்கும் என்பதை, அது வீட்டுக்கு வருமுன்னரே பேசி வையுங்கள்.