ஏழு நாள் குடில்

அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்திருக்கும் வேளையில், 'இனி எனக்கென்ன குறை!' என்று மனிதன் எண்ணுவது இயல்பு. சரியாக அந்த வேளையில்தான், வீட்டைவிட்டு வெளியே வருமாறு யூதர்களின் மறை அவர்களைப் பணிக்கிறது.

'சுக்கோத்' என்னும் அந்த அறுவடைத் திருவிழா செப்டம்பர்-அக்டோபரில் வருகிறது. ஏழு நாட்கள் தற்காலிகக் குடிலில் உண்டு, இயன்றவர்கள் அங்கேயே உறங்குவர். கூரை தழைகளால் வேயப்படும். நிழல் தர வேண்டும், ஆயினும் இடைவெளிகளில் விண்மீன்கள் தெரிவது நன்று என்பது மரபு. எகிப்தில் அடிமைத்தளை நீங்கிய முன்னோர், பாலைநிலத்தில் குடில்களில் தங்கியபோது இறைவனே அவர்களைக் காத்தான் என்பதை இது நினைவூட்டுகிறது. நம் கொச்சியில் வாழ்ந்த யூதர்கள் தென்னங்கீற்றால் இக்குடிலை வேய்ந்தனர்.

எஜமானரின் வீட்டை 'எங்கள் வீடு' என்று சொன்னாலும், தன் வீடு தொலைவிலுள்ள கிராமத்தில் இருப்பதை மறவாத பணிப்பெண்ணைப் போல உலகில் வாழச் சொன்னார் ஸ்ரீராமகிருஷ்ணர். குடில் உணர்த்துவதும் அதுவே.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வீடுள்ளவனுக்குக் குடில் ஒரு சாதனை, வீட்டை இழந்தவனுக்கு?

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமான் நிக்கோபார் தீவுகளைத் தாக்கியது. தூண்கள்மீது எழுப்பிய, புல் வேய்ந்த வட்டக் குடில்களை மரபாகக் கொண்ட கார் நிக்கோபார் மக்கள், தகரக் கொட்டகைகளின் வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பிறகே நிரந்தர வீடுகள் பெற்றனர். அவர்களிடம் சென்று, 'வீடு நிலையற்றது' என்று உபதேசிக்க நமக்கு உரிமை உண்டா? பசித்தவனுக்குச் சமயத்தைப் போதிப்பது அவனை அவமதிப்பதாகும் என்று 1893-இல் சிகாகோவில் முழங்கினார் சுவாமி விவேகானந்தர்.

இதற்கான விடை அத்திருவிழாவிலேயே உள்ளது. மகனும் மகளும் மட்டுமின்றி, பணியாளரும் அந்நியரும் அநாதைகளும் கைம்பெண்களும் உடனிருந்து மகிழ வேண்டும் என்கிறது அந்த மறை. விரும்பி ஏற்கும் எளிமையே துறவு; பிறர்மீது சுமத்தப்படும் எளிமை வறுமை. முன்னது போற்றத்தக்கது; பின்னது துடைக்கத்தக்கது.

ஆதலால், 'நிலையற்றது' என்னும் உண்மையை நம் வீட்டைப் பார்த்துச் சொல்லிக்கொள்வோம். வீடிழந்தவரைப் பார்க்கும்போதோ, கூரை வேயக் கை நீட்டுவோம். பற்றறுத்த கைகளே பிறருக்காகத் தயங்காமல் நீளும்.