உண்மையான ரசிகைக்கு ஒரு தேர்வு

பூல் ஆட்டத்தை உண்மையாக நேசிப்பவர்கள் அதன் வரலாற்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டுமா? தெரிந்திருந்தால் நல்லது, தெரியாவிட்டால் குற்றமில்லை என்று பெரும்பாலோர் சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் இந்தக் கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது, யாரிடம் கேட்கப்படுவதில்லை என்று பார்த்தால், அவ்வளவு எளிதாகக் கடந்துபோக முடியாது.

கல்லூரிக் காலத்தில் நண்பர்களோடு பூல் ஆடப் போவேன். எனக்கு இந்த ஆட்டம் பிடிக்கும், போட்டிகளைப் பார்ப்பேன் என்று சொன்னால் போதும், உடனே ஒரு சிறு தேர்வு தொடங்கும். வில்லி மாஸ்கோனி யார்? 526 என்ற எண்ணுக்கு என்ன சிறப்பு? விடை எனக்குத் தெரியும். 1954இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மாஸ்கோனி ஒன்றைக்கூடத் தவறவிடாமல் தொடர்ச்சியாக 526 பந்துகளைக் குழியில் விழவைத்தார். விடை சொன்னால் அடுத்த கேள்வி, அதற்கடுத்து இன்னொன்று. என்னோடு வந்த பையன்களிடம் இதையெல்லாம் யாரும் கேட்டதில்லை. அவர்கள் கியூவைக் கையில் எடுத்ததே போதுமான அத்தாட்சியாக இருந்தது.

'உண்மையான' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிப்போம். பெண்ணுக்கு முன்னால் அது அடைமொழியாக வரும்போது, பின்னாலேயே ஒரு சோதனையும் வந்துவிடுகிறது. உண்மையான பத்தினி, உண்மையான தாய், இப்போது உண்மையான ரசிகை. ஆணின் விருப்பம் விருப்பமாகவே ஏற்றுக்கொள்ளப்படுகிறது. பெண்ணின் விருப்பத்துக்குச் சான்றிதழ் தேவைப்படுகிறது. இல்லாவிட்டால், யாரையோ பார்க்க வந்திருக்கிறாள், யாரோடோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்றாகிவிடும்.

ஆகவே முதல் பதிலை என்னால் தயக்கமில்லாமல் சொல்ல முடியும். ரசிப்பதற்கு வரலாறு நுழைவுத் தகுதி ஆகாது. ராகத்தின் பெயர் தெரியாமல் ஒரு பாட்டைக் கேட்டுக் கண்கலங்குபவரின் ரசனையைப் பொய் என்று சொல்ல மாட்டோம். வெள்ளைப் பந்து இன்னொன்றைத் தொட்டுவிட்டு, ஆடியவர் நினைத்த இடத்தில் வந்து நிற்பதைப் பார்த்து மூச்சை இழுத்துப் பிடிக்கிற சிறுமி, அந்தக் கணத்திலேயே முழு ரசிகைதான்.

அப்படியானால் வரலாற்றைத் தூக்கி எறிந்துவிடலாமா? என் தோழிகள் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆண்கள் ஆண்களைப் பற்றி எழுதி வைத்த பட்டியல், அது நமக்கெதற்கு என்கிறார்கள். இங்கே நான் அவர்களோடு உடன்படவில்லை. கதவருகே நின்று நம்மிடம் கேட்கப்படும் வரலாறு, முழு வரலாற்றில் ஒரு சிறு துண்டுதான்.

ஆடும் கோலிலிருந்தே தொடங்கலாம். பழைய பில்லியர்ட்ஸில் 'மேஸ்' என்ற, தலைப்பகுதி அகன்ற கோலால் பந்தைத் தள்ளி ஆடினார்கள். பந்து மேசையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டால் அந்த அகன்ற தலையால் சரியாக ஆட முடியாது. அதனால் கோலைத் திருப்பி அதன் வால்பக்கத்தால் அடித்தார்கள். வாலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்துதான் 'கியூ' என்ற பெயரே வந்தது. ஆண்கள் கியூவுக்கு மாறிய பிறகும், பல இடங்களில் பெண்கள் மேஸையே பிடிக்க வேண்டியிருந்தது. கூரான முனையால் பெண்கள் பச்சைத் துணியைக் கிழித்துவிடுவார்கள் என்பது காரணம். நல்ல கருவியைக் கொடுக்காமல் இருந்துவிட்டு, பெண்களுக்கு ஆட வராது என்று சொல்வது எவ்வளவு வசதி!

மாஸ்கோனியின் 526ஐக் கேட்டவர்கள் யாரும் ஜீன் பலூகஸ் பற்றி என்னிடம் கேட்டதில்லை. நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த அவர், 1972 முதல் 1978 வரை தொடர்ந்து ஏழு முறை யு.எஸ். ஓப்பன் பெண்கள் பட்டத்தை வென்றார். முதல் பட்டத்தின்போது அவருக்கு வயது பதின்மூன்று. ஜப்பானில் பிறந்த மசாகோ கட்சூராவைப் பற்றியும் கேட்டதில்லை. குழியில்லாத மேசையில் ஆடும் மூன்று குஷன் பில்லியர்ட்ஸில், 1952இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகப் போட்டியில் ஆண்களுக்கு நடுவே ஆடிய ஒரே பெண் அவர். பத்துப் பேரில் ஏழாவதாக வந்தார். இங்கிலாந்தின் வேக்ஃபீல்டில் தொழிலாளர் மன்றம் ஒன்றில் 1978இல் ஷீலா கேப்ஸ்டிக் ஸ்னூக்கர் ஆடத் தடுக்கப்பட்டார், பெண் என்பதற்காக. அவர் சும்மா வீட்டுக்குப் போய்விடவில்லை, இயக்கம் தொடங்கினார். அந்த மன்றங்களின் ஒன்றியம் பெண்களுக்குச் சம உரிமை வழங்கியது 2007இல்தான். இடையில் இருபத்தொன்பது ஆண்டுகள்.

நம் ஊரிலும் இதன் ஒரு நுனி இருக்கிறது. பூலின் உறவு ஆட்டமான ஸ்னூக்கர், 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியிடம் தொடங்கி, ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதப்பெற்று உருவம் பெற்றது. ஊட்டியில் வளர்ந்த ஆட்டம் என்று நாம் பெருமைப்படுகிறோம். அந்த அறைகளில் பந்துகளை எடுத்து வைத்து, புள்ளிகளைக் குறித்துக்கொண்டு நின்ற இந்திய 'மார்க்கர்'களின் பெயர்கள் அந்தப் பெருமைக்குள் வருவதில்லை. ஆட்டத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் அதிகாரிகளின் பெயர்தான் பதிவாகியிருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். மாஸ்கோனியைத் தெரியுமா என்ற தேர்வை மறுத்துவிட்டு, பலூகஸைத் தெரியுமா என்று நீயும் ஒரு தேர்வு வைக்கிறாயே? வினாத்தாள் மட்டும்தானே மாறியிருக்கிறது?

இல்லை என்றே நினைக்கிறேன். தகுதி வேறு, கடமை வேறு. தகுதி உள்ளே வருவதற்கு முன் கேட்கப்படுவது. கடமை உள்ளே வந்து, அங்கே கிடைத்த மகிழ்ச்சியை அனுபவித்தபின் நமக்கு நாமே ஏற்றுக்கொள்வது. அந்தக் கடமையும் எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. யாருக்குக் கதவு எப்போதும் திறந்தே இருந்ததோ, அவர்கள்தான் அதிகம் படிக்க வேண்டும். கதவருகே நிறுத்தப்பட்டவளுக்கு அதன் வரலாறு ஓரளவு உடம்பிலேயே பதிந்திருக்கிறது. தடையே இல்லாமல் உள்ளே போனவருக்குத்தான் அங்கே ஒரு கதவு இருந்தது என்பதே தெரியாது. தான் நேசிக்கும் ஆட்டம் யாரையெல்லாம் வெளியே நிறுத்தியது என்று ஒருமுறைகூடக் கேட்காத ரசிகர், அதை நேசிக்கலாம், பொய்யில்லை. ஆனால் அந்த நேசம் பழைய காவலாளியின் வேலையை அவரையும் அறியாமல் செய்ய வைக்கிறது. புதிதாக வரும் பெண்ணிடம் அவர் தன்னையறியாமல் கேள்வி கேட்கத் தொடங்குவது அதனால்தான்.

ஒரு பெண் தயங்கித் தயங்கி மேசையருகே வந்தால், முதலில் அவள் கையில் கியூவைக் கொடுப்போம். எப்படிப் பிடிப்பது என்று காட்டுவோம். துணி கிழியாது, பயப்படாமல் அடி என்று சொல்வோம். பலூகஸையும் கட்சூராவையும் பற்றிச் சொல்ல, அவள் தன் முறைக்காகக் காத்திருக்கும்போது எவ்வளவோ நேரம் கிடைக்கும்.