எதில் போவது?

நல்லூர்த் திருவிழா நெருங்கினால் கொழும்பு ஜிந்துப்பிட்டியில் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: யாழ்ப்பாணத்துக்கு ரயிலா, பஸ்ஸா? தூரம் சுமார் 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் ஏறினால் ஒரு பகல் மிச்சம். ரயிலில் எழுந்து நடக்கலாம். ஆனால் திருவிழாக் காலத்தில் இருக்கைக்கு முன்கூட்டியே பதிய வேண்டும்.

இப்படி யோசிக்கவே இடமில்லாத காலமும் இருந்தது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரயில், போரால் 1990இல் யாழ்ப்பாணம் போவதை நிறுத்தியது. மீண்டும் அங்கு போய்ச் சேர்ந்தது 2014 ஒக்டோபரில். இடையில், 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதியும் மூடப்பட்டபோது கப்பலும் விமானமும்தான் வழி. அதற்கும் அனுமதி பெற வேண்டியிருந்தது.

ஆகவே, தெரிவு செய்ய முடிவதே நமக்குத் திரும்பக் கிடைத்த உரிமை. அதை நேரத்தையும் காசையும் மட்டும் பார்த்துச் செலவிட வேண்டாம். கூட வருகிறவர்களில் யாருக்கு அதிகம் முடியாதோ, அவரிடம் முதலில் கேளுங்கள். முழங்கால் வலியுள்ள அம்மம்மாவுக்கு எது சுகமோ, அதுவே முழுக் குடும்பத்துக்கும் ஏற்ற பயணம். இளையவர்கள் எதிலும் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.