குற்றக் கதை எவருக்குச் சொந்தம்?

‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ என்ற ஒரு வரி திரையில் தோன்றியதும் பார்ப்போர் நிமிர்ந்து உட்காருகின்றனர். கற்பனைக் கதையில் ஒருவன் கொல்லப்பட்டால், அடுத்து என்ன நேரும் என்று எண்ணுகிறோம். நடந்த கொலை என்று சொல்லப்பட்டாலோ, இப்படியும் மனிதர் செய்வரோ என்று திகைக்கிறோம். இந்தத் திகைப்பே இன்று பெரும் விற்பனைப் பண்டமாகிவிட்டது. மருதமுனை முதல் பொத்துவில் வரை நம் கரையோர ஊர்களில், இரவுச் சோறு முடிந்ததும் தொலைக்காட்சியின் முன்னும் கைத்தொலைபேசியின் முன்னும் அமர்வோர், சென்னையிலும் டில்லியிலும் அமெரிக்க நகரங்களிலும் நடந்த கொலைகளைத் தொடர் நாடகங்களாகக் காண்கின்றனர். மறுநாள் வகுப்பறையில் மாணவர் அவற்றைப் பற்றி விவாதிக்கின்றனர். ‘பார்க்காதீர்கள்’ என்று அவர்களை அதட்டிவிடுவது எளிது, அது சிந்தனையாகாது. பிறருடைய துயரைக் கதையாக்கும் உரிமை எவருக்கு உண்டு? அவ்வுரிமையோடு எந்தக் கடமை கூடவே வருகிறது? இவையே நாம் ஆராய வேண்டிய வினாக்கள்.

குற்றத்தைக் கதையாகக் கேட்கும் ஆவல் தொலைக்காட்சி பெற்ற பிள்ளையன்று. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகத்தில் ஊரை உலுக்கிய கொலையொன்று நிகழ்ந்தால், அது விரைவிலேயே ‘கொலைச் சிந்து’ ஆகிவிடும். மலிவான தாளில் அச்சிட்ட அச்சிறு பிரசுரங்களைச் சந்தைகளில் பாடிப் பாடி விற்றனர். அதற்கும் நெடுங்காலம் முன்னே எழுந்த சிலப்பதிகாரமும் ஒரு குற்ற வழக்கின் கதையன்றோ? அரசியின் சிலம்பு களவு போயிற்று; பொற்கொல்லன் பழியை அயலூரான்மீது சுமத்தினான்; மன்னன் ஆராயாமல் ஆணையிட்டான்; கோவலன் வெட்டுண்டான். இன்றைய தொடர் தயாரிப்பாளர் கையில் இது அகப்பட்டிருப்பின், கள்வனைத் தேடும் காவலரின் வீரக் கதையாகவோ, பொற்கொல்லனுடைய மனக்கோணலின் கதையாகவோ பத்துப் பகுதிகளுக்கு நீண்டிருக்கும். இளங்கோவோ கணவனை இழந்தவளை அரசவையில் நிறுத்தினார். சிலம்பைத் திருடியவன் யார் என்ற கேள்வி அங்கே நீதியைக் கொன்றவன் யார் என்ற கேள்வியாக மாறிற்று.

குற்றக் கதையின் தரத்தை அறிய இதனைக் காட்டிலும் நல்ல உரைகல் நமக்குத் தேவையில்லை. கதை எவர் பக்கம் நின்று, எவரை நோக்கிக் கேள்வி கேட்கிறது என்பதே அது.

இன்றைய நாடகக்காரர் ஒரே வேளையில் இரு சலுகைகளைக் கோருகின்றனர். ‘இது நடந்தது’ என்று சொல்லி நம் நம்பிக்கையை வாங்குகின்றனர். பிழை சுட்டப்பட்டால் ‘இது நாடகந்தானே’ என்று ஒதுங்குகின்றனர். செய்தியாளன் ஆதாரம் காட்டக் கடமைப்பட்டவன். நாவலாசிரியன் தன் பாத்திரத்திற்குப் பெயரையும் ஊரையும் தானே படைத்துக்கொள்கிறான். இவர்களோ உண்மை மனிதரின் பெயரை எடுத்துக்கொண்டு, அவர் பேசாத பேச்சை அவர் வாயில் வைக்கின்றனர். 2022இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ஜெஃப்ரி டாமர் என்னும் அமெரிக்கக் கொலைஞனைப் பற்றிய தொடரை வெளியிட்டது. கொல்லப்பட்ட ஒருவரின் சகோதரி முன்னர் நீதிமன்றத்தில் கதறிய காட்சியை நடிகை ஒருவர் அதில் அப்படியே நடித்துக் காட்டினார். தம்மிடம் எவரும் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்று அச்சகோதரி பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். அவர் சிந்திய கண்ணீர் விற்பனைக்கு வந்தது. அவருக்கு அதில் சொல்லும் இல்லை, பங்கும் இல்லை. உழைப்பாளியின் உழைப்பைச் சுரண்டுதல் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். துயருற்றவரின் துயரைச் சுரண்டுதலும் உண்டு என்பதை இக்காலம் நமக்குக் கற்பிக்கிறது.

அவ்வாறாயின், சம்பந்தப்பட்டோரின் சம்மதம் இல்லாமல் எக்குற்றத்தையும் எழுதவே கூடாதா? அப்படி ஒரு விதி ஏற்பட்டால் முதலில் மகிழ்வோர் அதிகாரத்தில் இருப்போரே. இந்தச் சிக்கலைத் தமிழகத்து வழக்கொன்று தெளிவாக்குகிறது. சென்னைத் திருவான்மியூர்ப் பகுதியில் நடந்த கொலைகளுக்காக மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், சிறையில் இருந்தவாறே தன் வரலாற்றை எழுதினான். உயர் அதிகாரிகள் சிலரோடு தனக்கிருந்த தொடர்பையும் அதில் குறிப்பிட்டான். ‘நக்கீரன்’ இதழ் அதனை வெளியிட முற்பட்டபோது சிறைத்துறை தடுக்க முனைந்தது. வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1994 அக்டோபரில் அந்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தனி மனிதன் தன் குடும்ப வாழ்வில் பிறர் தலையீடின்றி இருக்க உரிமையுடையவன் என்றது. பொது ஆவணங்களில் உள்ளவற்றை எவரும் எழுதலாம். எனினும் பாலியல் வன்முறைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்களின் பெயரை வெளியிடுவது தகாது. பொது அலுவலர்களோ தம் அலுவல் சார்ந்த செயல்களுக்கு இவ்வுரிமையைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. சங்கர் 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டான். 2019இல் அவன் கதை இணையத் தொடராகவும் வந்தது.

இத்தீர்ப்பு சட்டப் புத்தகத்தோடு நின்றுவிட வேண்டியதன்று. எழுதுவோனுக்கும் அதில் ஓர் அறம் கிடைக்கிறது. அதிகாரம் உடையவனின் செயலைச் சொல்ல அவன் சம்மதம் தேவையில்லை. அதிகாரம் அற்றவளின் துயரைச் சொல்ல அவள் சம்மதம் தேவை. சந்தை இதனைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது. வழக்குத் தொடுக்கப் பணமுள்ளவனின் பெயர் திரையில் மாற்றப்படுகிறது. ஏழைப் பெண்ணின் பெயரும் தெருவும் வீடும் அப்படியே காட்டப்படுகின்றன.

மற்றுமொரு தீங்கு, கதை எங்கே முடிகிறது என்பதில் உள்ளது. 1991 மே 21ஆம் நாள் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். கொலையாளிகளைப் புலனாய்வாளர் தேடிப் பிடித்த வரலாற்றைக் கூறும் நூலொன்றைத் தழுவி 2025இல் ‘தி ஹண்ட்’ என்னும் இந்தித் தொடர் வந்தது. அந்நூலின் பெயரே ‘தொண்ணூறு நாள்கள்’ என்று பொருள்படும். தொடரின் பெயருக்கு ‘வேட்டை’ என்று பொருள். வேட்டைக்குத் தொண்ணூறு நாள்கள் போதும். நீதிக்கு எட்டு ஆண்டுகள் ஆயின. 1998 ஜனவரியில் சிறப்பு நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு அத்தண்டனையை உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்து, எஞ்சிய 19 பேரை விடுவித்தது. அந்தப் பத்தொன்பது பேரின் தூக்கமற்ற இரவுகள் எந்த வேட்டைக் கதையில் அடங்கும்? கைவிலங்கு பூட்டியதும் திரை விழுகிற கதையைத் திரும்பத் திரும்பக் காணும் மாணவன், கைது செய்யப்பட்டவன் குற்றவாளியே என்ற முடிவுக்குத் தன்னை அறியாமலே பழகிவிடுகிறான். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் விசாரணையின்றிப் பல்லாண்டு சிறையிருந்த இளைஞர்களை அறிந்த நம் நாட்டில், இப்பழக்கம் சிறிய தீங்காகாது.

இவ்வகை நாடகம் முழுவதும் நஞ்சு என்று ஒதுக்குவதும் நேர்மையாகாது. பிரித்தானியாவில் 1999க்கும் 2015க்கும் இடையில், சிறு தபாற் கந்தோர்களை நடத்திய தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர், பணம் கையாடியதாகக் குற்றத் தீர்ப்புப் பெற்றனர். அவர்களுள் சிலர் சிறை சென்றனர். பலர் வீடு வாசல் இழந்தனர். ‘ஹொரைசன்’ என்னும் கணினிக் கணக்கு முறையின் கோளாறே பணக்குறைவைக் காட்டிற்று. பத்திரிகைகள் ஆண்டுக்கணக்கில் எழுதின. நீதிமன்றமும் 2019இல் கோளாற்றை உறுதி செய்தது. ஆயினும் பெரும்பாலோரின் களங்கம் நீங்கவில்லை. 2024 ஜனவரியில் ஐ.டி.வி. தொலைக்காட்சி அவர்கள் கதையை நான்கு பகுதி நாடகமாக ஒளிபரப்பியது. நாடு கொதித்தெழுந்தது. அவ்வாண்டு மே மாதத்திலேயே அத்தீர்ப்புகளை நீக்கப் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. அந்நாடகம் பொய்க்குற்றம் சுமந்த எளியோரின் பக்கம் நின்று, பெரிய நிறுவனத்தை நோக்கி விரல் நீட்டியது. கண்ணகி கையிலிருந்த சிலம்பைப் போல, அது உடைந்தபோது உண்மை தெறித்தது.

இவையெல்லாம் அயலார் கதைகள் என்று நாம் வாளாவிருக்க முடியாது. 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஐந்து நாள்களின் பின், 26ஆம் நாள் இரவு, கல்முனைக்கு அண்மையில் சாய்ந்தமருதில், அக்கும்பலைச் சேர்ந்தோர் தங்கியிருந்த வாடகை வீட்டில் குண்டுகள் வெடித்தன. மாண்டோருள் குழந்தைகளும் இருந்தனர். புதிதாக வந்து தங்கியோர்மீது ஐயுற்று முதலில் கேள்வி கேட்டோரும், தகவல் தந்தோரும் அவ்வூர் முஸ்லிம் மக்களே. ஆயினும் அடுத்த மாதம் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. செய்த சிலரின் குற்றம், செய்யாத ஒரு சமூகத்தின் கணக்கில் எழுதப்பட்டது.

இந்நிகழ்வு ஒரு நாள் தொடர் நாடகமாகும் என்பதில் நமக்கு ஐயமில்லை. தயாரிப்பாளருக்கு வேண்டியவை அனைத்தும் அதில் உள்ளன: துப்பாக்கிச் சூடு, வெடிப்பு, இரவு, கடலோர ஊர். வேட்டைக் கதையாக எடுத்தால் சாய்ந்தமருது என்ற பெயர் என்றென்றும் அந்த ஒரு வீட்டின் பெயராகிவிடும். நெல் வயலும் மீன்பிடித் தோணியும் பள்ளிக்கூடங்களும் உள்ள ஊர், திரையில் ஒளிவிடமாகச் சுருங்கும். ஊராரின் விழிப்பு ஒரு வரியில் கடந்துபோகும். முன்கூட்டியே வந்த உளவுத் தகவலைக் கையில் வைத்துக்கொண்டு உறங்கியோர் கதைக்குள்ளேயே வரமாட்டார்கள். இலங்கை உயர் நீதிமன்றம் அவர்களை மறக்கவில்லை. தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக, அவ்வேளை ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென 2023 ஜனவரி 12ஆம் நாள் அது தீர்ப்பளித்தது. உயர் பாதுகாப்பு அதிகாரிகள் மீதும் அவ்வாறே பொறுப்புச் சுமத்தியது. நீதிமன்றம் கண்ட இக்குற்றத்தைக் காணாத நாடகம் எத்துணை ‘உண்மைச் சம்பவங்களை’ அடுக்கினாலும் பொய்யே ஆகும்.

எனவே தடை கோருவது நம் வேலையன்று. தடை என்னும் கத்தரிக்கோல் எப்போதும் அதிகாரத்தின் கையில்தான் இருக்கும். அது வெட்டுவதும் அதிகாரத்தைச் சாடும் பகுதியைத்தான். ஆசிரியர்கள் மாணவருக்குப் பார்க்கும் பயிற்சியைத் தர வேண்டும். ஒரு குற்ற நாடகத்தைக் கண்டு முடித்த மாணவன் சில கேள்விகளைத் தனக்குள் கேட்கட்டும். இறந்தவர் எப்படி வாழ்ந்தார் என்று எனக்குச் சொல்லப்பட்டதா? அல்லது எப்படிச் செத்தார் என்பதோடு நிறுத்தப்பட்டதா? எவருடைய பெயர் மறைக்கப்பட்டது, எவருடையது காட்டப்பட்டது? கைதுக்குப் பின் என்ன நடந்தது? குற்றம் நிகழ இடந்தந்த வறுமையையும் அலட்சியத்தையும் அதிகாரத்தையும் கதை தொட்டதா? இக்கேள்விகளைக் கேட்கப் பழகியவனைச் சந்தை எளிதில் ஏமாற்றாது. நாளை அவனே பேனா எடுக்கவும் கூடும்.

சாய்ந்தமருதின் கதையை நம் கரையோர இளைஞன் ஒருவன் எழுதத் துணிவானாயின், பொலிஸ் கோவையை அவன் வாசிக்கத்தான் வேண்டும். ஆனால் அவன் முதலில் போக வேண்டிய இடங்கள் வேறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் வீட்டிற்கு அவன் போக வேண்டும். அன்றிரவு அவ்வாடகை வீட்டின் வாசலில் நின்று, ‘நீங்கள் யார், எங்கிருந்து வந்தீர்கள்?’ என்று கேட்ட ஊராரிடமும் போக வேண்டும். அவர்கள் பேச விரும்பினால் கேட்கட்டும். விரும்பாவிடின் அந்த மௌனத்தை மதித்துத் திரும்பட்டும். அவர்களுக்குப் படித்துக் காட்ட அஞ்சாத பிரதி எதுவோ, அதுவே உலகுக்குக் காட்டத் தக்கது.