மூன்றாவது நல்ல விஷயம்

ஷா ஆலாமில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பகலில் மூன்று மென்பொருள்கள், இரவில் ஏழு புலனக் குழுக்கள். “அந்தக் கண்டெய்னர் எங்கே?” என்ற கேள்வி படுக்கை வரை வரும். போன வருடம் எங்களுக்கு ஒரு மனநலப் பட்டறை நடத்தினார்கள். பேச வந்தவர் நேர்மறை உளவியலிலிருந்து ஒரு பயிற்சி சொல்லித் தந்தார். தூங்கும் முன் அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களையும், அவை ஏன் நடந்தன என்பதையும் எழுத வேண்டும்.

எழுதினேன். இரண்டாவது வாரத்திலேயே நன்றாகத் தூக்கம் வந்தது. அதனால் அந்தப் பயிற்சியைக் கிண்டலடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஓர் இரவு மூன்றாவது விஷயம் அகப்படவில்லை. யோசித்துவிட்டு இப்படி எழுதினேன்: “இன்று பத்து மணிக்கு மேல் பாஸிடமிருந்து ஒரே ஒரு செய்திதான்.” திரும்ப வாசித்தபோது சுருக்கென்றது. அடி கொஞ்சம் குறைந்ததற்கு நன்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு தவறைத் தாங்கிக்கொள்ளும் மனவலிமை எந்த இடத்தில் அந்தத் தவறுக்குத் துணைபோவதாக மாறுகிறது?

நேர்மறை உளவியலை 1998இல் ஒரு துறையாக முன்வைத்த மார்ட்டின் செலிக்மன், அதற்கு முன் வேறொன்றுக்காக அறியப்பட்டவர். 1967இல் அவரும் ஸ்டீவன் மேயரும் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து ஆராய்ந்தார்கள். சில நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தி அதிர்ச்சியை நிறுத்த முடிந்தது. சிலவற்றுக்கு அந்த வழி இல்லை. பிறகு தாழ்வான தடுப்பு ஒன்றைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற நிலையிலும், வழியில்லாதிருந்த நாய்களில் பல படுத்தே கிடந்தன. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், இருவரும் தங்கள் விளக்கத்தையே திருத்தினார்கள்: தொடர்ந்த வலியில் முடங்குவது உயிரின் இயல்பு, ‘என்னால் இதை மாற்ற முடியும்’ என்பதுதான் கற்றுக்கொள்ளப்படுவது.

எங்கள் பட்டறையில் யாரும் அந்தப் பலகையைப் பற்றிப் பேசவில்லை.

நானும் பேசவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், “அக்கா, ராத்திரி போன் சத்தம் கேட்டாலே படபடன்னு வருது” என்றாள். “பாசிட்டிவ்வா இரும்மா, பழகிடும்லா” என்றேன். பாஸ் எனக்கு அனுப்புவதை அடுத்த நிமிடமே குழுவில் தள்ளிவிட்டது நான்தான். அவளுடைய போன் சத்தம் நான். பலகை என் கையில் இருந்தது, நான் அவளுக்கு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். மூன்று மாதத்தில் வேலையை விட்டுவிட்டாள்.

மலேசியாவில் 2023 முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகச் சட்டப்படி குறைந்தது. இரவு பதினொரு மணிப் புலனம் அதில் எந்த மணியில் சேரும்? பிரான்சில் 2017 முதல் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேசியாக வேண்டும். அது எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. ஆனால் பிரச்சினை தூக்கம் வராதவரின் மனதில் மட்டும் இல்லை என்பதையாவது ஒத்துக்கொள்கிறது.

நான் செய்தது சின்ன விஷயம். இரவில் வருவதைக் காலை ஒன்பது மணிக்குத்தான் குழுவில் போடுகிறேன். “ஏன் உடனே அனுப்பல?” என்று பாஸ் கேட்டார். “அவசரம்னா போன் பண்ணுங்க பாஸ், மத்ததெல்லாம் காலையில” என்றேன். கை நடுங்கியது. இதுவரை அவர் போன் செய்ததில்லை.

நோட்டுப் புத்தகத்தை விடவில்லை. அன்றைக்கு மூன்றாவது விஷயமாக அதைத்தான் எழுதினேன். ‘ஏன் நடந்தது’ என்ற இடத்தில் அந்தப் பெண்ணின் பெயரை எழுதினேன்.