ஒண்ணுமில்ல

தில்லைநகர்ல ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர். மூக்கு வழியா கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, சுத்தமா இருக்கு. மனச லேசா வச்சுக்குங்க" என்றார். சித்தி தலையாட்டினாள். சத்திரத்தில் ஏறிய பஸ் காவிரிப் பாலத்தைத் தொட்டதும் கேட்டாள்: "அப்ப நான் பொய் சொல்றேனாடா?"

சித்தப்பா போய் நாலு மாசம். அம்மா மண்டபத்தில் காரியம் முடிந்த வாரத்திலிருந்து தொண்டைக்குழியில் உருண்டை மாதிரி ஏதோ நிற்கிறது அவளுக்கு. எச்சில் விழுங்கினால் நெருடும். தயிர்சாதம் தடையில்லாமல் இறங்கும். அதை வைத்தே வீட்டில் கேலி: சாப்பிடும்போது மட்டும் சரியாப் போயிடுமா?

இந்த உபாதையின் அடையாளமே அதுதான். (சோறே சிக்கினால், எடை குறைந்தால் அது வேறு, உடனே காட்டணும்.) ஐரோப்பிய மருத்துவம் இதை வெகுகாலம் 'குளோபஸ் ஹிஸ்டீரிகஸ்' என்றது. ஹிஸ்டீரியா என்ற சொல்லே கருப்பைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பழி எங்கே போய் விழுந்தது என்று பாருங்கள். இவர்களில் பலருக்கு ஹிஸ்டீரியா எதுவும் இல்லை என்று கண்ட மால்கம்சன் என்ற மருத்துவர் 1968இல் பெயரை 'குளோபஸ் ஃபாரிஞ்சியஸ்' என்று மாற்றினார். வெறும் தொண்டை உருண்டை. அமிலம் மேலேறுவது, உணவுக்குழாய் வாசல் தசையின் இறுக்கம், பதற்றம், துக்கம் என்று காரணங்கள் பல. சிலரிடம் எதுவும் பிடிபடுவதில்லை.

எனக்கு உறுத்துவது 'ஒண்ணுமில்ல' என்கிற சொல். கட்டி இல்லை என்றுதான் மருத்துவர் சொன்னார், நல்ல சேதி. ஸ்ரீரங்கம் வந்து சேர்வதற்குள் அது 'உனக்கு எதுவுமே இல்லை' என்றாகிவிட்டது. கேமராவில் தெரியாத வலிக்கு அவள் ஒருத்திதான் சாட்சி. துக்கம் தொண்டைய அடைக்குதுன்னு காலங்காலமா பேசுறவங்க நாம. இரங்கல் கூட்டத்தில் யாராவது சொன்னால் உடனே நம்புவோம். நாலு மாசமா ஒருத்தி அதையே சொன்னால் ரிப்போர்ட் எங்கேம்போம்.

நானும் யோக்கியனில்லை. "அழுதுடு சித்தி, சரியாயிடும்" என்று மனவியல் பேசினேன். அவள் அழாதவள் என்று எனக்கு யார் சொன்னது? மனசுதான் காரணமாகவும் இருக்கலாம். ஆனால் நான் அவளிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு அதைச் சொல்லவில்லை. எங்கோ படித்த கதைக்கு அவள் தொண்டையை உதாரணமாக்கப் பார்த்தேன்.

போன வாரம் சித்திரை வீதி வீட்டுக்குப் போயிருந்தேன்.

"இப்ப எப்படி இருக்கு சித்தி?"

"இருக்குடா. காலைல கொஞ்சம் கம்மி, ராத்திரி ஜாஸ்தி."

ராத்திரி எத்தனை மணிக்கு என்று கேட்டேன். காபியை ஆற்றிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள்.