சொல்லாமல் விட்டதன் பொருள்

ஓர் ஓவியத்தின் முன் நின்றதும் நம் உள்ளத்தில் முதலில் எழும் வினா, "இது என்ன?" என்பதே. மரம், மலை, மங்கை என்று விடை கிடைத்துவிட்டால் மனம் அமைதி கொள்கிறது. கிடைக்காவிடில், நம்மை யாரோ ஏமாற்றிவிட்டதுபோல் ஒரு சினம் பிறக்கிறது. அச்சினத்தினுள் ஓர் அறக்கேள்வியும் ஒளிந்திருக்கிறது. உலகில் இத்துணைத் துன்பம் இருக்க, வெறுங்கோடுகளை இழுத்துவிட்டு எதையும் சொல்லாமல் ஒதுங்கும் கலைஞன் தன் கடமையினின்று வழுவியவன் ஆகானோ? இவ்வினாவை எஸ்தோனிய நாட்டு அச்சோவியத் தொடர் ஒன்றை முன்வைத்து ஆராய்வோம்.

பால்டிக் கடலோரத்தில் ஏறத்தாழ 13 இலட்சம் மக்கள் வாழும் சிறுநாடு எஸ்தோனியா. 1918-இல் விடுதலையை அறிவித்து, 1940-இல் சோவியத் ஒன்றியத்தோடு வலிந்து இணைக்கப்பட்டு, 1991-இல் மீண்டும் விடுதலை எய்திய நாடு அது. 1941-இல் பிறந்த ரவுல் மேல் என்னும் கலைஞர் அந்நாட்டினர். மின்பொறியியல் கற்றவர், கலைப்பள்ளியில் முறையாகப் பயிலாதவர். 1960-களின் இறுதியில் தட்டச்சுப் பொறியின் எழுத்துகளையே அடுக்கிப் படமும் கவிதையுமாகிய புதுமைகளைச் செய்தார். 1973-இல் "வானத்தின் கீழ்" என்னும் பட்டுத்திரை அச்சோவியத் தொடரைத் தொடங்கினார்.

பட்டுத்திரை அச்சு நமக்குப் புதியதன்று. திருமண அழைப்பிதழ்களை 'ஸ்கிரீன் பிரிண்டிங்' முறையில் அச்சிடக் கண்டிருக்கிறோம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணியில், வேண்டாத இடங்களை அடைத்துவிட்டு, ரப்பர்ப் பட்டையால் மையை அழுத்தி வழித்தால், திறந்த இடங்களின் வழியே மை இறங்கித் தாளில் பதிகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு முறை இவ்வாறு அச்சிடல் வேண்டும். இவ்வெளிய முறையைக் கொண்டு அக்கலைஞர் கோடுகளின்மேல் கோடுகளைப் பதித்தார். கோடுகள் நெருங்குமிடத்தில் இருள் திரள்கிறது. விலகுமிடத்தில் ஒளி பரவுகிறது. சேர்க்கை மாறமாறப் படமும் மாறுகிறது. அங்கே மனிதர் இல்லை, வீடு இல்லை, கதையும் இல்லை.

அன்றைய அரசின் கலைக்கொள்கையோ, ஒவ்வொரு படைப்பும் எல்லார்க்கும் விளங்கும் கருத்தைத் தாங்க வேண்டும் என்றது. உழைப்பவரின் மகிழ்ச்சியையும் ஆட்சியின் மேன்மையையும் காட்டிய படங்களுக்கு வரவேற்பும் ஊதியமும் இருந்தன. பெரிய ஓவியங்களையும் சிலைகளையும் கண்காணித்த கண்கள், சிறு தாளில் பல படிகளாக வெளிவரும் அச்சோவியத்தைச் சற்றே தளர்வாக நோக்கின. தலைநகர் தாலினில் 1968 முதல் மூவாண்டுக்கு ஒருமுறை நிகழும் அச்சோவியக் கண்காட்சியும் தொடங்கியது. தாளைச் சுருட்டி அஞ்சலில் அனுப்பலாம் என்பதால், எல்லை கடக்க இயலாத கலைஞரின் கோடுகள் எல்லை கடந்தன.

இனி நம் வினாவுக்கு வருவோம். எதையும் சொல்லாத படம் உண்மையிலேயே எதையும் சொல்லவில்லையா? நீலம், கறுப்பு, வெள்ளை ஆகிய மூன்றும் எஸ்தோனியக் கொடியின் வண்ணங்கள். சோவியத் ஆட்சியில் அக்கொடி தடைசெய்யப்பட்டிருந்தது. 1989-ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்றுதான் தாலின் நகரத்து நெட்டை ஹெர்மன் கோபுரத்தின்மேல் அது மீண்டும் ஏறியது. மூன்று நிறங்கள் அருகருகே அமைந்தாலே நெஞ்சு துடிக்கும் நாட்டில், "வெறும் நிறம்" என்று எதனைச் சொல்வது? வடிவம் ஊமையன்று, அதன் நா காண்பவரின் நினைவில் இருக்கிறது.

எனினும் எதிர்வாதத்தை எளிதில் தள்ளிவிடல் ஆகாது. அஞ்சி வாய்மூடி இருப்பவனும், பொய் பேச மறுத்து வாய்மூடி இருப்பவனும் புறத்தே ஒன்றுபோலவே தோன்றுவர். இருவரையும் பிரித்தறிவது எங்ஙனம்? அவர்கள் எதை இழக்க ஒருப்பட்டார்கள் என்று கேட்பதே வழி. புகழுரைக்குப் பரிசு காத்திருக்கும் இடத்தில் புகழாதிருப்பதற்கு ஒரு விலை உண்டு. அவ்விலையைக் கொடுத்தவனின் மௌனம் பேச்சினும் பெரிது. விலையேதும் கேட்கப்படாத இடத்தில் வாழும் நாம், அதே மௌனத்தைக் காட்டி அதே பெருமையைக் கோருதல் முறையாகாது. பேச உரிமையிருந்தும் அநீதி கண்டு வாளா இருப்பவன், "யானும் கோடுகளின் தூய்மையை நாடுபவன்" என்று சொல்லித் தப்பிவிட முடியாது.

அங்ஙனமாயின், 1991-க்குப் பின் அவ்வோவியங்களின் மதிப்புப் போய்விட்டதா? அடக்குமுறை ஒழிந்ததும் எதிர்ப்பின் பெருமை வரலாற்று நூலுக்குள் சென்றுவிடுகிறது. எதிர்ப்பு ஒன்றே படத்தின் உயிராயின், படமும் உடன் சென்றிருக்கும். ஆயினும் அக்கோடுகள் இன்றும் நம்மை நிறுத்துகின்றன. இதனை விளங்கிக்கொள்ள நமக்கு இசையே துணை செய்யும்.

ஆலாபனைக்குச் சொல் இல்லை. பாடகர் தோடியை அரைமணி நேரம் விரித்துப் பாடும்போது, "இவர் எதைப் பற்றிப் பாடுகிறார்?" என்று அவையில் எவரும் கேட்பதில்லை. ஆனால் சுருதி சற்றே விலகினாலும், இராகத்துக்குப் பொருந்தாத ஒரு சுரம் தலைகாட்டினாலும், பயின்ற செவி உடனே சுளிக்கிறது. சொல் இல்லாத இடத்திலும் மெய்யும் பொய்யும் உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? கோடும் அவ்வாறே. தான் ஏற்ற ஒழுங்குக்கு உண்மையாய் நிற்கும் கோடும், கண்ணை மயக்குவதற்காக இடையே செருகிய கோடும் வேறு வேறு. பொறுமையோடு நின்று பார்ப்பவருக்கு அவ்வேறுபாடு மெல்லப் புலப்படும்.

எனவே கலைஞனின் துணிவு ஒன்று. படைப்பின் நேர்மை பிறிதொன்று. முன்னதைக் காலமும் இடமும் அறிந்தே அளக்க வேண்டும். பின்னதை எந்நாட்டாரும் எக்காலத்தும் கண்ணாலேயே அளக்கலாம். துணிவுடையோன் படைத்ததெல்லாம் நல்ல படைப்பு எனக் கொள்வதும் பிழை. நல்ல படைப்பைத் தந்தவன் தன் கடமை முற்றும் செய்தான் எனக் கொள்வதும் பிழை.

அடுத்த முறை பொருள் விளங்காத ஓவியம் ஒன்றின்முன் நம் பிள்ளைகளோடு நிற்க நேர்ந்தால், "இது என்ன?" என்னும் கேள்வியைச் சற்றே ஒத்திவைப்போம். "இதில் எங்கேனும் பொய் இருக்கிறதா?" என்று அவர்களைக் கேட்டுப் பார்ப்போம். படத்தைப் பார்த்தபின் அதே கேள்வியை நம் பேச்சையும் நம் மௌனத்தையும் நோக்கிக் கேட்கவும் நாம் அஞ்சாதிருத்தல் வேண்டும்.